பொருளுக்கு எல்லை காணாத வாழ்வு

இராஜா அண்ணாமலைபுரம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த இராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்பம் இந்தியன் வங்கியின் தோற்றத்துக்குத் துணைநின்ற குடும்பங்களுள் ஒன்றாகும். அவ்வங்கி பிறப்பதற்குக் காரணமாக அமைந்தது சென்னைப் பெருஞ்செல்வர் ஒருவரின் வீழ்ச்சி. அவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்.

1848-ஆம் ஆண்டில் பிறந்த ஆர்பத்நாட், சென்னையில் தலைமுறைகளாக வேரூன்றியிருந்த குடும்ப வணிக நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தார். வணிகர் சங்கத்தின் தலைமை, சட்டமன்ற உறுப்பினர் பதவி, சர் பட்டம் என நகரம் தரக்கூடிய சிறப்புகள் யாவும் அவரை வந்தடைந்தன. ஆர்பத்நாட் என்னும் பெயரையே பிணையாகக் கருதி, அரசு ஊழியர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் கைம்பெண்களும் தம் வாழ்நாள் சேமிப்பை அந்நிறுவனத்தின் வங்கியில் ஒப்படைத்தனர்.

தலைமுறைகளுக்குப் போதுமான செல்வம் இருந்தும் ஆசை அடங்கவில்லை. இலண்டனில் கூட்டாளி பாட்ரிக் மக்ஃபேடியன் ஊக வாணிகத்தில் பெருந்தொகையை இழந்தார். இழப்பை ஒப்புக்கொண்டு, மிஞ்சியதைக் கொண்டு அமைதியாக வாழும் வழி தொடக்கத்தில் திறந்தே இருந்தது. அவ்வழியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கடனைத் தீர்க்க இயலாத நிலை வந்த பின்னரும் மக்களின் வைப்புத்தொகை தொடர்ந்து பெறப்பட்டது. வெளியே விருந்தும் மரியாதையும் குறைவின்றி நடக்க, உள்ளே கணக்கேடுகள் அச்சத்தைச் சுமந்திருந்தன.

1906 அக்டோபரில் மக்ஃபேடியன் இலண்டனில் இரயிலின் முன் பாய்ந்து உயிர்துறந்தார். அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் வங்கியின் கதவுகள் மூடப்பட்டன. எண்ணற்ற இல்லங்களில் மகளின் திருமணத்துக்கெனவும் முதுமைக்கெனவும் சேர்த்த பணம் கரைந்தது. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலீட்டாளர்களின் சார்பில் நின்றார். 1907-இல் நீதிமன்றம் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் விதித்தது. ஆளுநரின் அவையில் அமர்ந்தவர் சிறைக்கூடத்தில் அமர்ந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியாலும் நகரத்தார் பெருமக்களின் துணையாலும் இந்தியன் வங்கி பணி தொடங்கியது. மக்கள் இழந்த நம்பிக்கை மெல்ல மீண்டது. ஆர்பத்நாட்டின் நற்பெயரோ மீளவில்லை. 1929-இல் மறையும் வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். தலைமுறைகள் சேர்த்த புகழைத் தம் வாழ்நாளிலேயே இழந்து, அதன் பின்னரும் வாழ நேர்ந்ததே அவர் செலுத்திய விலை.

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. எவ்வளவு போதும் என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளச் சொல்வதே மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு. அந்த எல்லையை வகுத்துக்கொண்டவர் இரவில் அச்சமின்றி உறங்குவார். தம் இல்லத்தாரோடு மகிழ்ந்து உண்பார். பிறர் ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தவாறே திருப்பித் தருவார். ஆர்பத்நாட் இழந்த செல்வங்களுள் பெரியவை இம்மூன்றுமே.