ரத்தக் குழாயைத் தைத்த டாக்டர்

துணி கிழிந்தால் ஊசி நூல் எடுத்துத் தைத்துவிடலாம். மனிதனின் ரத்தக் குழாய் கிழிந்தால் என்ன செய்வது?

அதையும் தைக்கலாம் என்று செய்து காட்டியவர், டாக்டர் அலெக்சிஸ் காரெல்.

பிரான்சு நாட்டில் பட்டு நெசவுக்குப் பெயர்போன நகரம் லியோன். அதன் அருகே, 1873-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி காரெல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அவரை வளர்த்தார். காரெல் டாக்டருக்குப் படித்தார்.

ஜனாதிபதிக்குக் கத்திக்குத்து

1894-ம் ஆண்டு ஜூன் 24-ந்தேதி பிரான்சு ஜனாதிபதி கார்னோ லியோனுக்கு வந்தார். கூட்டத்தில் இருந்து பாய்ந்த ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான்.

ஈரலுக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய் அறுபட்டது. அதைத் தைத்து மூட டாக்டர்களால் முடியவில்லை. நள்ளிரவுக்குப் பின் ஜனாதிபதி உயிர் துறந்தார்.

அப்போது காரெலுக்கு வயது 20. இந்தச் சாவு அவர் மனதை உலுக்கியது. ரத்தக் குழாயைத் தைக்க வழி தேடினார்.

பூவேலைக்காரியிடம் பாடம்

லியோனில் துணியில் பூவேலை செய்வதில் கைதேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். காரெல் அவரிடம் போய்த் தையல் கற்றார்! மெல்லிய ஊசி, மெல்லிய பட்டு நூல் இரண்டையும் கையாளப் பழகினார்.

குழாயின் வாயை மூன்று இடங்களில் நூலால் பிடித்து இழுத்தார். வட்டமான வாய் முக்கோணம் ஆயிற்று. நேர்க்கோட்டில் தைப்பது எளிதாயிற்று.

தையல் போட்ட இடத்தில் ரத்தம் உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க நூலில் வாசலைன் தடவினார். 1902-ம் ஆண்டு இந்த முறையை வெளியிட்டார். 1904-ல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். 1906-ல் நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

ரத்தம் உறையாத குழந்தை

1908-ம் ஆண்டு. நியூயார்க்கில் ஒரு டாக்டர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்து சில நாட்களில் அதன் மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்தது. நிற்கவே இல்லை!

நமக்கு விரலில் வெட்டுப்பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் உறைந்து காயம் மூடிவிடும். இந்தக் குழந்தையின் ரத்தத்துக்கு உறையும் சக்தி இல்லை. உடல் வெளுத்தது. உயிர் ஊசலாடியது.

வேறொருவர் ரத்தத்தை ஏற்றவேண்டும். ஆனால் வெளியே எடுத்த ரத்தம் உறைந்துவிடும். அதை உறையாமல் வைத்திருக்கும் முறை அன்று கிடையாது.

காரெல் வரவழைக்கப்பட்டார். தந்தையின் மணிக்கட்டில் உள்ள ரத்தக் குழாயைக் குழந்தையின் காலில் உள்ள குழாயோடு சேர்த்துத் தைத்தார். தையலில் ரத்தம் உறையக் கூடாது. குழந்தையின் உடம்பிலோ உறைந்தாக வேண்டும். இரண்டும் நடந்தன! வெளுத்த உடல் சிவந்தது. கசிவு நின்றது. குழந்தை பிழைத்தது.

இருவர் ரத்தமும் பொருந்துமா என்று முன்னதாகப் பார்க்கவில்லை. பொருந்தாமல் இருந்தால் ஆபத்து நேர்ந்திருக்கும்.

புகழும் பழியும்

1912-ல் காரெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் உலகப் போரில் புண்ணைக் கழுவிச் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையைப் பரப்பினார்.

ஆனால் அவர் பெயரில் கறையும் உண்டு. மனிதரில் சிலரைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கும் கொடிய கொள்கையை 1935-ல் எழுதிய நூலில் ஆதரித்தார். பின்னர், ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி ஆட்சியின் கீழ் பதவி வகித்தார். பழிச்சொல்லுக்கு ஆளான நிலையில், 1944 நவம்பர் 5-ந்தேதி பாரிசில் இறந்தார்.

இன்று பிறந்த குழந்தைக்கு 'வைட்டமின் கே' ஊசி போட்டு இத்தகைய ரத்தக் கசிவைத் தடுக்கிறார்கள். பரம்பரையாக ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு, உடம்பில் குறைவாக உள்ள உறைபொருளை முதலில் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் செய்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தவும், இதயத்துக்கு மாற்றுக் குழாய் வைக்கவும் ரத்தக் குழாய்த் தையல்தான் அடிப்படை.