மலாக்கா தந்த மொழிச் செல்வர் முன்ஷி அப்துல்லா

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கலப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது நம் வழக்கம். பாலில் கலப்பு, பருப்பில் கலப்பு என்று கேட்டுக் கேட்டு, மனிதர் வாழ்விலும் கலப்பு என்றால் குறை என்றே எண்ணப் பழகிவிட்டோம். ஆனால் நாம் வாழும் இந்தத் திருச்சி மாநகரைச் சற்று எண்ணிப் பாருங்கள்! திருவரங்கத்தில் அரங்கநாதர் ஆலயத்துள்ளே துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடம் உண்டு. அவர் பொருட்டு அரங்கனுக்குக் கைலி உடுத்தி, ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. நகரின் நடுவே எல்லா மதத்தாரும் வணங்கிச் செல்லும் நத்தர்வலி தர்கா இருக்கிறது. பொன்மலையில் இரயில்வே தொழிற்சாலையோடு வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உண்டு. கலப்பு நமக்குப் புதிதன்று.

இங்கிருந்து தஞ்சை, திருவாரூர் வழியாகக் கிழக்கே சென்றால் நாகூர் வரும். அந்த நாகூர்க் கரையிலிருந்து கடல் கடந்த ஒரு குடும்பத்தில் தோன்றி, மலாய் மொழியின் புதிய உரைநடைக்குத் தந்தை என்று போற்றப்படுபவரே அப்துல்லா பின் அப்துல் காதர். உலகம் அவரை முன்ஷி அப்துல்லா என்று அறியும்.

குடிவழி

அப்துல்லாவின் கொள்ளுப் பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியராக நாகூருக்கு வந்து, தமிழ்ப் பெண் ஒருவரை மணந்தார். அவர்களுடைய மகன் மலாக்காவில் குடியேறினார். அங்கே அவர் மணந்த பெண்ணின் தந்தை மீரா லெப்பை. அந்தப் பெண்ணின் பெயர் பெரியாச்சி. பெயரிலேயே தமிழ் மணக்கிறதல்லவா? அந்தப் பெரியாச்சியின் பேரனாக, 1796-ஆம் ஆண்டு, மலாக்காவின் கம்போங் பாலி என்னும் பகுதியில் அப்துல்லா பிறந்தார்.

மலாய் மொழியில் ‘அனாக்’ என்றால் பிள்ளை. வெளிநாட்டார் வழியில் அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளைப் பெரானாக்கான் என்பர். சீனர் வழியினர் சீனப் பெரானாக்கான். தமிழ் இந்துக்கள் வழியினர் மலாக்காச் செட்டிகள். தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களின் வழியினர் ஜாவி பெரானாக்கான். அப்துல்லா இந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்தவர்.

கல்வி

அப்துல்லாவின் பாட்டி வீடே ஒரு பள்ளிக்கூடம். சுமார் 200 பிள்ளைகள் அங்கே திருக்குர்ஆன் ஓதினர். அங்கே தொடங்கிய கல்வி பிறகு தமிழுக்கு வந்தது. அந்நாளில் மலாக்காவின் பெருவணிகர் பலர் தமிழர். கணக்கு எழுதவும் பேரம் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. ஆகவே வசதியுள்ள குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர். அப்துல்லா ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆசிரியரிடம் முறையாகத் தமிழ் பயின்றார்.

வீட்டில் பேசுகிறோமே, மலாய் மொழியைத் தனியாகக் கற்பானேன் என்று அந்த ஊரார் எண்ணியிருந்தனர். அப்துல்லாவின் தந்தை அப்படி எண்ணவில்லை. மலாய் எழுத்தையும் இலக்கணத்தையும் மகனுக்குக் கண்டிப்புடன் கற்பித்தார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இளம் வயதிலேயே சமயப் பாடம் சொல்லிக்கொடுத்தார் அப்துல்லா. அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவர்கள் அன்புடன் அளித்த பட்டமே முன்ஷி, அதாவது ஆசிரியர். பிற்காலத்தில் ஆங்கிலமும் கற்றார். ஒவ்வொரு மொழியையும் ஆசிரியர் முன் அமர்ந்து கற்றவர் அவர்; பிறப்பினால் வந்துவிட்டது என்று எதையும் அவர் விட்டுவிடவில்லை.

பணி

1810-11-இல் ஜாவாப் படையெடுப்புக்காக மலாக்கா வந்து தங்கிய ராஃபிள்ஸ் துரை, மலாய் நூல்களைப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களுள் மிக இளையவர்களில் அப்துல்லாவும் ஒருவர். ராஃபிள்ஸ் அரும்பாடுபட்டுத் திரட்டிய சுவடிகள், 1824-இல் ‘ஃபேம்’ என்னும் கப்பல் தீப்பற்றியபோது கடலோடு போயின. படி எடுக்கப்படாத நூல்கள் அழிந்தனவே என்று அப்துல்லா பெரிதும் வருந்தினார். எழுதினால் மட்டும் போதாது, அச்சேற்றிப் பலர் கையில் சேர்க்க வேண்டும் என்பதை அந்தத் தீ உணர்த்தியது எனலாம்.

அச்சுக்கலையை அவர் கிறித்தவப் பாதிரிமாரின் அச்சுக்கூடத்தில் கற்றார். மலாக்காவில் 1818-இல் தோன்றிய ஆங்கிலோ சீனக் கல்லூரியைச் சார்ந்த பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார். விவிலிய மொழிபெயர்ப்பிலும் உதவினார். இதனால் ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லா என்று எள்ளி நகைத்தனர். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதுபோல், பாதிரிமாரோ தாம் எழுதிய பிழையான மலாய்த் தொடர்களே சரியென வாதாடினர். அப்துல்லா மொழியையும் விட்டுக்கொடுக்கவில்லை, மார்க்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதிவரை உறுதியான முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

நூல்கள்

1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார். சிறுவயதில் கணக்குக்காகக் கற்ற தமிழ், கதையாக மலாய் மக்களைச் சென்றடைந்தது. 1838-இல் கிளந்தானுக்குச் சென்றுவந்த பயணத்தை எழுதினார். அரசர்களின் கொடுமையை அதில் அஞ்சாமல் கண்டித்தார். சிங்கப்பூருக்கு வந்த நீராவிக் கப்பல் ஒன்றைப் பார்த்து வியந்து, அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்நூற்பெயரில் வரும் ‘காப்பால்’ என்ற மலாய்ச் சொல் நம் கப்பலே! அந்நாளில் புதிதாக வந்த நிழற்படக் கருவியையும் அவர் வருணித்திருக்கிறார். அறிவியல் மாணவராகிய நாம் இதைக் கண்டு மகிழலாம்.

இவை அனைத்துக்கும் மகுடமானது, 1840 முதல் 1843 வரை எழுதி 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியிட்ட ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தன்வரலாறு. அரசர் கதைகளும் அற்புதக் கதைகளும் நிறைந்திருந்த மலாய் உரைநடையில், தாம் கண்ணால் கண்டதை ஒரு சாதாரண மனிதர் எழுதியது புதுமையே. ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் மக்களைக் கடிந்துகொண்டார் என்று பிற்கால அறிஞர் சிலர் அவரைக் குறை கூறுவர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மலாயர் தம் மொழியை முறையாகக் கற்கவில்லையே என்ற அவருடைய கடிதல் அன்பினால் விளைந்தது.

அவரிடம் மலாய் பயின்ற ஆங்கிலேயர் ஒருவர், தோற்றத்திலும் உடையிலும் அவரைத் தமிழராகவும், மொழியிலும் நாட்டுப்பற்றிலும் மலாயராகவும் கண்டார். 1854-இல் ஹஜ் பயணம் புறப்பட்ட அப்துல்லா, அவ்வாண்டே அரபு மண்ணில் உயிர் நீத்தார். கொள்ளுப் பாட்டனார் புறப்பட்டு வந்த திசையிலேயே கொள்ளுப் பேரனின் வாழ்வு நிறைவுற்றது.

அவருக்குப் பின்

மலாக்காவில் ஒரு பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2019-இல் சிங்கப்பூர் தன் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தபோது, ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சில காலம் நிறுவப்பட்ட சிலைகளுள் அப்துல்லாவின் சிலையும் ஒன்று. 1876-இல் அவருடைய இனத்தார் சிங்கப்பூரில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற பெயரிலேயே மலாய் மொழியின் முதல் செய்தித்தாளை நடத்தினர்.

ஆனால் அந்த இனம் இன்று எங்கே? மலேசிய அரசியல் சட்டத்தின்படி, இஸ்லாத்தைத் தழுவி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தைப் பின்பற்றுவோர் மலாயர் ஆவர். ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் பலவும் அந்தப் பெயருக்குள் கரைந்துவிட்டன. தமிழ் வணிகத்துக்கு வேண்டியிருந்த வரை பிள்ளைகள் தமிழ் கற்றனர், வேண்டாதபோது விட்டனர். மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகின்றனர். ஆனாலும் 1781-இல் தம் முன்னோர் எழுப்பிய விநாயகர் கோயிலை விடவில்லை. போகியையும் பொங்கலையும் விடவில்லை. கற்பிக்காதது போய்விட்டது, ஆண்டுதோறும் செய்தது நிலைத்திருக்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

வேதியியல் வகுப்பில் கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கிறோம். சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பற்றும். குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்தால் நாம் உண்ணும் உப்பு. அதில் சோடியம் எவ்வளவு சுவை, குளோரின் எவ்வளவு சுவை என்று யாரும் கேட்பதில்லை. அப்துல்லாவிடமும் அரபியர் எத்தனை பங்கு, தமிழர் எத்தனை பங்கு என்று கேட்பது வீண். அவர் ஒரு புதிய முழுமை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் கைநாட்டு வைத்தவர். அவருடைய பாட்டனாரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதும் தெரியாது. இருநூறு ஆண்டுகளுக்கும் முன் மலாக்காவில் வாழ்ந்த பெரியாச்சியின் பெயர் எனக்குத் தெரிகிறது. என் குடும்பத்து மூதாட்டியின் பெயர் தெரியவில்லை. காரணம் ஒன்றே: அவருடைய பேரன் எழுதி வைத்தார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலருடைய உறவினர் திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்வருகின்றனர். அங்கே பிறக்கும் பிள்ளைகள் நாளை என்ன மொழி பேசுவர் என்பது நம் கையில் இல்லை. வந்த வழியை அவர்கள் அறிய ஓர் ஏடு வைத்துச் செல்வது நம் கையில் உள்ளது. வரும் விடுமுறையில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஊர், பெயர், உறவு எல்லாவற்றையும் கேட்போம். ஒரு நோட்டில் எழுதுவோம். எழுதத் தெரிந்த முதல் தலைமுறைக்கு அது முதற்கடமை.