புகலிடம் தேடி அலைந்த மன்னர்: ஈரானின் கடைசி ஷா

புதுதில்லி, ஜூலை 27: ஈரானின் கடைசி மன்னர் முகமது ரெஸா பஹ்லவி, கெய்ரோவில் உள்ள ராணுவ மருத்துவமனையில் காலமான நாள் இன்று. 1980-ஆம் ஆண்டு இதே நாளில் அவர் மறைந்தார். 37 ஆண்டுகள் அரியணையில் வீற்றிருந்த அவர், நாட்டைவிட்டு வெளியேறிய பின் வாழ்ந்தது 18 மாதங்களே. அதற்குள் ஆறு நாடுகளில் தங்க நேர்ந்தது.

1919 அக்டோபர் 26-ல் தெஹ்ரானில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குள் படை நடத்தி, தந்தை ரெஸா ஷாவைப் பதவி விலகச் செய்தன. அதனால் 1941-ல், 21-ஆவது வயதில் முடிசூட நேர்ந்தது. எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக், 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்க்கப்பட்டார். அந்நாட்களில் ரோமுக்குத் தப்பிச் சென்றிருந்த மன்னர், வெற்றிச் செய்தி கேட்டுத் தெஹ்ரான் திரும்பினார். அன்றுமுதல் அவரது ஆட்சியும் வாஷிங்டனின் நலனும் ஒன்றாகவே கருதப்பட்டன.

நிலச் சீர்திருத்தமும் பெண்களுக்கு வாக்குரிமையும் அவர் காலத்தில் வந்தன; சாவாக் என்ற ரகசிய காவல் அமைப்பின் சித்திரவதைகளும் அவர் காலத்தவையே. எண்ணெய் வருவாயின் ஒரு பகுதி அமெரிக்கப் போர் விமானங்களாக மாறியது. 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரானில் விருந்துண்ட அதிபர் கார்ட்டர், கொந்தளிப்பான வட்டாரத்தில் ஈரான் நிலைத்தன்மையின் தீவாக விளங்குவதாகப் புகழ்ந்தார். சில நாட்களிலேயே கோம் நகரில் கிளர்ச்சி மூண்டது. 1979 ஜனவரி 16-ல் மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அவரை எங்கே வைப்பது என்பதே பின்னர் அமெரிக்க ராஜதந்திரத்தின் பெருஞ்சிக்கலானது. வாஷிங்டன் பழைய நண்பரைக் கைவிட்டுவிடவும் இல்லை, வெளிப்படையாக அணைத்துக்கொள்ளவும் இல்லை. புரட்சிக்குப் பின் அமைந்த மெஹ்தி பஸர்கானின் இடைக்கால அரசை அங்கீகரித்து, தூதரகத்தையும் தொடர்ந்து இயக்கியது. மன்னரை அனுமதித்தால் தூதரக ஊழியர்களுக்கு ஆபத்து நேரலாம் என்ற எச்சரிக்கை தெஹ்ரானிலிருந்தே வந்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் வங்கி அதிபர் டேவிட் ராக்பெல்லரும் மறுபக்கம் ஓயாமல் வற்புறுத்தினர். பல மாதங்கள் தயங்கிய கார்ட்டர், மன்னரின் புற்றுநோய் முற்றியதை அறிந்து இணங்கினார். அக்டோபர் 22-ல் மன்னர் நியூயார்க் வந்தடைந்தார்.

மருத்துவமே காரணம் என்ற விளக்கத்தைத் தெஹ்ரான் நம்பவில்லை. 1953-ஐ மறக்காத ஒரு நாட்டில் அது வியப்புக்குரியதும் அன்று. நவம்பர் 1-ல் அல்ஜியர்சில் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியைப் பஸர்கான் சந்தித்தது ஐயத்தை வளர்த்தது. நவம்பர் 4-ல் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினர். இரண்டு நாளில் பஸர்கான் பதவி விலகினார்.

இந்தியாவுக்கும் இதன் அதிர்வு எட்டாமல் இல்லை. ஈரானின் உருக்காலைகளை நம்பித் தொடங்கப்பட்ட கர்நாடகத்தின் குத்ரேமுக் இரும்புத்தாதுத் திட்டம், புரட்சிக்குப் பின் அந்த வாடிக்கையாளரை இழந்தது.

சிகிச்சை முடிந்த மன்னரை மீண்டும் ஏற்க மெக்சிகோ மறுத்தது. டெக்சாஸ் விமானப்படைத் தளம், பின்னர் பனாமா என அலைந்தார். தம்மை ஒப்படைக்கும்படி ஈரான் பனாமாவைக் கோர, 1980 மார்ச்சில் எகிப்துக்குப் புறப்பட்டார். அதிபர் சதாத் மட்டுமே தயக்கமின்றி வரவேற்றார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கையும் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து முன்னாள் அதிபர் நிக்சன் தனிப்பட்ட முறையில் வந்து ஊர்வலத்தில் நடந்தார்.

கெய்ரோவின் அல்-ரிஃபாய் மசூதியில் மன்னர் அடக்கம் செய்யப்பட்டார். நாடுகடத்தப்பட்ட நிலையில் தென்னாப்பிரிக்காவில் இறந்த அவருடைய தந்தையின் உடலும், தாயகம் கொண்டுசெல்லப்படும் முன் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. தூதரகத்தில் பிடிபட்ட 52 அமெரிக்கர்கள், மன்னர் மறைந்து ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குப் பின், 1981 ஜனவரி 20-ல் விடுவிக்கப்பட்டனர்.