பாட்டெழுதாத படவுலகக் கவிஞர்

‘வக்த்’ என்னும் இந்திப் படம் 1965-இல் வெளிவந்தபோது அதன் வசனங்கள் வடநாட்டு மக்கள் நாவில் வழங்கலாயின. அவற்றை எழுதிய அக்தருல் ஈமான் உருது மொழியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவர் என்பதைப் படம் பார்த்தோருள் அறிந்தவர் சிலரே.

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1915-ஆம் ஆண்டு பிறந்தார். குடும்பம் மிக வறியது. தில்லியில் ஆதரவற்ற சிறுவர் விடுதியில் தங்கிப் பயின்றார். கல்லூரிக் கல்வியும் அந்நகரிலேயே பெற்றார். 1943-இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. பின்னர்ப் பிழைப்பு நாடிப் புனாவுக்கும் பம்பாய்க்கும் சென்றார்.

உருதுக் கவியரங்குகளில் கசலுக்கே முதன்மை. அதில் ஈரடிக்கு ஈரடி பொருள் வேறுபடலாம். இசையோடு சொன்னால் அவை ஆரவாரிக்கும். ஈமான் அவ்வழியினின்று விலகினார். ஒரே பொருளைத் தொடக்கமுதல் இறுதிவரை வளர்த்துச் செல்லும் ‘நஸ்ம்’ என்னும் வடிவத்தை மேற்கொண்டு, பேச்சை ஒட்டிய கரடுமுரடான நடையில் எழுதினார். கைதட்டலை எண்ணி எழுதிய கவிதைகள் அல்ல அவை.

படவுலகிற் புகுந்த உருதுக் கவிஞர் பலர்க்குப் பாட்டே புகழும் பொருளும் தந்தது. இவரோ கதை வசனத்தோடு நின்றுகொண்டார். வயிற்றுக்கு வசனம், உள்ளத்துக்குக் கவிதை என இரண்டிற்கும் இடையே வேலியிட்டுக்கொண்டார் எனலாம். பாடலே இல்லாத ‘கானூன்’ (1960) படத்துக்கு வசனம் எழுதியவரும் இவரே என்பது பொருத்தந்தான்! ‘தர்மபுத்ர’, ‘வக்த்’ ஆகிய படங்களின் வசனங்களுக்குப் பிலிம்பேர் பரிசு கிடைத்தது. ‘யாதேன்’ என்னும் கவிதைத் தொகுதி 1962-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

ஆயினும் அவ்வேலி அவர்க்கு முழு அமைதி தரவில்லை. ‘ஒரு சிறுவன்’ என்று பொருள்படும் ‘ஏக் லட்கா’ என்ற கவிதையே சான்று. மாந்தோப்புகளிலும் வயல் வரப்புகளிலும் திரிந்த சிறுவன் ஒருவன், வளர்ந்து பிழைப்புத் தேடும் கவிஞரை விடாது பின்தொடர்கிறான். அக்தருல் ஈமான் என்பவர் அவர்தாமோ என்று ஓயாது வினவுகிறான். செல்வர் முன் கையேந்தி நிற்க நேர்ந்த கவிஞர் சினந்து, அவன் தேடுபவன் என்றோ மாண்டொழிந்தான் என்று கூறிவிடுகிறார். சிறுவனோ மெல்ல நகைத்து, அது பொய்யென்றும் தான் உயிரோடிருப்பதாகவும் சொல்கிறான். தம் பெயரையே சொல்லித் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்ட கவிஞர் எம்மொழியிலும் அரியர்.

1996-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மறைந்தார். தம் வாழ்வை உரைநடையில் அவர் எழுதிய தன்வரலாறும் உருது மொழியில் நூலாக வெளிவந்துள்ளது.