கடலடிச் செல்வம் தேடிய ஜேம்ஸ் ஹார்னெல்

மூழ்கிய கப்பலின் பொன்னைத் தேடி ஆழ்கடலில் இறங்கினோர் சரிதங்கள் மேனாட்டு நூல்களில் மிகுதியாக உண்டு. நமது தூத்துக்குடிக் கடலிலோ, கப்பல் ஒன்றும் உடையாமலே பெருஞ்செல்வம் அடியிற் கிடந்தது. அதுவே முத்து. அம்முத்தின் மறைபொருளை அறிய வந்து, அதனினும் நிலையான செல்வமொன்றைக் கண்டெடுத்தவர் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கில அறிஞர்.

அவர் 1865-ஆம் ஆண்டிற் பிறந்தார். இளமையில் ஜெர்சித் தீவிலே கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து வந்தார். அக்காலத்தில் இலங்கையின் முத்துப்பார்கள் 1891-க்குப் பின் பலன் தராதொழிந்தன. காரணங் காணுமாறு அந்நாட்டு அரசாங்கத்தார் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தனர். 1902-இல் அவருக்குத் துணையாக வந்த ஹார்னெல், பேராசிரியர் திரும்பிய பின்னும் அங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1903-இல் மீண்டும் சலாபம் கூடிற்று. 1905-இல் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறின. அதனைக் கண்ட வணிகக் கூட்டத்தார் மறு ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். ஆனால் 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின, எடுத்தவர் பெருநஷ்டமடைந்தனர்.

இதன் காரணம் கடலின் இயல்பிலேயே இருந்தது. சிப்பியின் நுண்ணிய குஞ்சுகள் நீரோட்டத்தில் பல நாள் அலைந்து, பாறையில் ஒட்டினாற் பிழைக்கும். மணலில் வீழ்ந்தால் மாளும். பிழைத்தவற்றையும் பெயரும் மணல் மூடும். திருக்கை மீன் தின்னும். நாடாப்புழுவின் குஞ்சே நல்முத்துக்குக் கருவாகும் என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் கருதினர். பிற்கால அறிஞர் அக்கொள்கையை ஏற்றிலர். முத்தைத் தம் விருப்பப்படி விளைவிக்கும் வழி அவருக்குக் கைகூடவில்லை.

ஆயினும் அவர் சோர்ந்திலர். பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையிற் சேர்ந்து, 1918 முதல் 1924 வரை அதன் தலைவராக விளங்கினார். முத்தைத் தேடிய கண், முத்தெடுப்பவனையும் அவன் ஏறிய கலத்தையும் நோக்கத் தொடங்கிற்று. கல்லைக் காலிற் கொண்டு, மூச்சடக்கிப் பல பாகம் ஆழம் இறங்கும் பரதவரின் தொழில், சங்கு குளித்தல், கட்டுமரம் பிணிக்கும் முறை, தோணியின் அமைப்பு ஆகிய அனைத்தையும் எழுதி வைத்தார். சங்கைப் பற்றிய நூல் 1914-இலும், இந்தியப் படகுகளைப் பற்றியது 1920-இலும், மன்னார்க்குடா முத்துக்குளிப்பைப் பற்றியது 1922-இலும் வெளிவந்தன. நம் கரையிற் கற்ற கல்வியே அவரைப் பசிபிக் தீவுகள் வரை கொண்டு சென்றது. ஹாடன் என்னும் அறிஞரோடு அத்தீவுகளின் ஓடங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936 முதல் 1938 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1949-இல் அவர் காலமானார்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இறுதியானது. 1973-இல் அவ்வூர் ஆராய்ச்சியாளர் சிப்பியினுள் கருவிட்டு முத்து விளைவித்தனர். ஹார்னெல் காணாத வழி அவ்வாறு திறந்தது. ஆனால் மூச்சடக்கி முத்துக்கு மூழ்கிய பழந்தொழில் மீளவில்லை; அதன் நுட்பங்கள் அவர் ஏடுகளில் வாழ்கின்றன.

விலையுயர்ந்த முத்தைத் தேடிய வணிகனின் உவமையை நாம் அறிவோம். ஹார்னெல் தேடியது ஒன்று, பெற்றது வேறொன்று. எளியோர் கைத்திறனில் மறைந்து கிடந்த அறிவே அவருக்குக் கிடைத்த முத்து. கரையோரத்திற் பிறந்த மாணவராகிய நாம், நம் பாட்டனார் கையிலிருந்த அவ்வறிவை அந்நியர் நூலிற் பார்த்தே அறியும் நிலை இனியும் நேராதிருப்பதாக.