சட்டவிரோதமா எடுத்த ஆதாரம் கோர்ட்டில் செல்லுமா? பதிலை 1872-லேயே எழுதிய ஸ்டீபனின் கதை

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக்குள் போலீஸ் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரன்ட் இல்லை. சோதனைக்கான காரணத்தை சட்டப்படி எழுதியும் வைக்கவில்லை. ஆனால், ஒரு பொருளை எடுத்துட்டுப் போகிறார்கள். அது கோர்ட்டில் ஆதாரமாகச் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். அதற்குக் காரணம், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சட்டம்.

யார் இந்த ஸ்டீபன்?

1829-ல் லண்டனில் பிறந்தவர். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. வக்கீல் வேலையோடு பத்திரிகைகளுக்கும் எழுதிக் குவித்தார். 1869 கடைசியில் வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக இந்தியா வந்தார். இங்கே இருந்தது இரண்டரை வருஷம்கூட இல்லை. அதற்குள் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதி முடித்தார். மொத்தம் 167 பிரிவுகள். 1872 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது.

அவர் சட்டம் என்ன சொன்னது?

ஒரு ஆதாரம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதுதான் முக்கியக் கேள்வி. எப்படிக் கிடைத்தது என்று பொதுவாகக் கேட்காது. அதற்காக போலீஸை அப்படியே நம்பவும் இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதியும் அதே சட்டத்தில் உண்டு, அடித்து வாங்கியிருக்கலாமே! வாய்க்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய ஸ்டீபன் 1879-ல் ஹைகோர்ட் நீதிபதி ஆனார். 1889-ல் கணவருக்கு விஷம் வைத்ததாக ஃப்ளாரன்ஸ் மேப்ரிக் மீது நடந்த வழக்கை விசாரித்த விதம் கடும் விமர்சனத்தைக் கிளப்பியது. உடல்நிலையும் மனநிலையும் தளர, 1891-ல் பதவி விலகினார். 1894-ல் இறந்தார்.

அவருக்குப் பிறகு?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-ல், சட்டவிரோத சோதனையில் கிடைத்த ஆதாரத்தை மாநில கோர்ட்டுகளும் ஏற்கக் கூடாது என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1973-ல் பூரண்மல் வழக்கில் ஸ்டீபன் பாதையிலேயே போனது: சோதனை தப்பாக இருந்தாலும் ஆதாரம் நிற்கும்.

2017-ல் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை ஆனது. அதன்பின் காற்று கொஞ்சம் மாறுகிறது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் போனை ஒட்டுக்கேட்கக் கொடுத்த உத்தரவை ரத்து செய்தது. அதில் கிடைத்த பதிவுகளைப் பயன்படுத்தவும் தடை போட்டது.

ஸ்டீபனின் சட்டம் 2024 ஜூலை 1-ல் விடைபெற்று, பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. ஆனால் அவர் வைத்த அந்த அடிப்படைக் கேள்வி புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதனால், வாரன்ட் இல்லாமல் எடுத்ததெல்லாம் தானாகவே செல்லாமல் போயிடும்னு நம்பி இருக்க வேண்டாம். தப்பான சோதனையை கோர்ட்டில் தனியாக எதிர்த்துத்தான் ஆகணும்.