ஸ்பர்டாங்க்கில் பேசிய டாக்டர்

சென்னை சேத்துப்பட்டை ஒட்டிய ஸ்பர்டாங்க் பகுதியில் 1917 அக்டோபர் 7-ம் தேதி ஒரு கூட்டம் நடந்தது. திரண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆதி திராவிடர்கள். பேசியவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் டாக்டர் டி.எம்.நாயர்.

தாரவாத் மாதவன் நாயர் 1868-ல் மலபாரில், நாயர் குடும்பத்தில் பிறந்தார். ஒடுக்கப்பட்டவர்கள் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தூரத்தை அளந்து வைத்திருந்த ஊர்ப்பக்கம் அது. எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1897-ல் திரும்பிவந்து சென்னையில் தொழில் தொடங்கினார். ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ இதழையும் நடத்தினார். தொழிலோடு நின்றிருந்தால் வசதியாகவே வாழ்ந்திருக்கலாம்.

1904-ல் சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தார். அடுத்து, ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய அரசு அமைத்த ஆணையத்தில் உறுப்பினரானார். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டம் நேரடியாக வரம்பு கட்ட வேண்டாம் என்றனர் மற்ற உறுப்பினர்கள். நாயர் மட்டும் உடன்படவில்லை. 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தனிக் குறிப்பு எழுதினார். 1911-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளுக்கு அந்த 12 மணி நேரத்தையே வரம்பாக்கியது. அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் பலரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அவருடைய பெரிய காரியம் இதுதான்.

காங்கிரஸில் இருந்தவர், 1916-ல் டெல்லி சட்டசபைத் தேர்தலில் தோற்றார். மாநகராட்சியில் அவரோடு மோதிவந்தவர் பிட்டி தியாகராயர். இருவரையும் சேர்த்துவைத்தவர் இன்னொரு மருத்துவர், டாக்டர் நடேசனார். அந்த ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டுக்கு நாயரே ஆசிரியர். கட்சிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

ஸ்பர்டாங்க் கூட்டம் நடந்த வேளையும் முக்கியம். இந்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று மாண்டேகு அறிவித்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதுதான் கேள்வி. ஹோம் ரூல் இயக்கத்தை எதிர்த்த நாயர், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் இல்லாத சுயாட்சி சிலருடைய ஆட்சியாகவே முடியும் என்று வாதாடினார். அதைச் சேரி மக்கள் முன்னிலையிலேயே போய்ப் பேசினார். சாதி இந்துத் தலைவர்களில் அன்று அப்படிச் செய்தவர்கள் குறைவு.

அதே வாதத்தோடு லண்டன் போனார். அங்கே பொதுவெளியில் பேச அவருக்குத் தடை விதித்து, பிறகு நீக்கினார்கள். நீரிழிவு நோயால் நலிந்திருந்த அவர் 1919 ஜூலை 17-ல் லண்டனிலேயே இறந்தார்.

சீர்திருத்தச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தில் பிராமணரல்லாதோருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவை தேர்தல் இடங்கள். ஆதி திராவிடர்களுக்குக் கிடைத்ததோ நியமனம் மட்டும். எம்.சி.ராஜா அப்படித்தான் மேலவைக்கு அல்ல, அன்றிருந்த ஒரே சட்டசபைக்கு 1920-ல் போனார். அடுத்த ஆண்டு பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்பு கலவரமும் வந்தன. ஆதி திராவிடர்கள் மீது நீதிக் கட்சித் தலைவர்களே பழி போட்டார்கள். 1923-ல் ராஜா கட்சியை விட்டு வெளியேறினார்.